கரைவலை மீன்பிடிப்பு: பருவம் அறிந்து வளைத்தால் பலன் உண்டு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரைக் கிராமங்களில் நிலமும் கடலும் அடுத்தடுத்து இருக்கின்றன. மணற்பாங்கான அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் மணிலாவும் சவுக்கும் தென்னையும் வைத்திருக்கும் சிறு விவசாயிகளில் சிலர், வயலில் வேலை குறைந்த மாதங்களில் மீனவர்களோடு சேர்ந்து கரைவலை இழுக்கப் போகிறார்கள். சில ஊர்களில் வலையில் பங்கு வைத்திருப்பவர்களும் உண்டு.

கரைவலைக்கு ஆழ்கடல் போக வேண்டியதில்லை. கரையில் நின்றே மீன் பிடிக்கும் முறை இது. செலவு குறைவு, ஆள் அதிகம். ஆனால் காற்றும் நீரோட்டமும் பார்க்காமல் வளைத்தால் இழுத்தவர்களுக்குக் கூலிகூடக் கட்டாது. வயலில் பட்டம் பார்த்து விதைப்பது போலக் கடலிலும் பருவம் பார்த்தே வலை விட வேண்டும்.

வலையின் அமைப்பு

கரைவலையைச் சோழமண்டலக் கரையில் பெரிய வலை என்றும், குமரி மாவட்டத்தில் கரமடி என்றும் சொல்வார்கள். நடுவில் பை போன்ற மடி இருக்கும். அதன் இரு பக்கமும் நீண்ட கைகள் இருக்கும். கைகளின் ஓரத்தில் கண்ணி பெரியதாக இருந்து, மடியை நெருங்க நெருங்கச் சிறியதாகும். மேல் விளிம்பில் மிதவைகளும் கீழ் விளிம்பில் ஈயக் குண்டுகளும் கட்டப்படும். கைகளின் முனைகளில் சில நூறு மீட்டர் நீளக் கயிறு இணைக்கப்படும். முன்பு பருத்தி நூலும் சணப்பை நாரும் தென்னங்கயிறும் பயன்பட்டன. இப்போது பெரும்பாலும் நைலான் வலைதான்.

ஒரு கயிற்றின் முனையைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொள்ள, படகு வலையை இறக்கிக்கொண்டே அரை வட்டமாகச் சுற்றி மறு முனையைக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரு அணியாக நின்று இரு கயிறுகளையும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தி மறு பக்கம் பிந்தினால் மடி கோணி, மீன் வெளியேறிவிடும். சிறிய வலைக்கு 15, 20 பேரும், பெரிய வலைக்கு 40, 50 பேரும் தேவைப்படுவர். ஒரு வளைப்பு முடிய இரண்டு மணி முதல் நான்கு மணி நேரம் ஆகலாம்.

மாதம்தோறும் கடலின் நிலை

தை, மாசி, பங்குனி: சம்பா அறுவடை முடிந்து ஆட்கள் ஓயும் நேரம் இது. வாடைக் காற்று தணிந்து கடல் அடங்கும். மழைக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் சத்தால் கரையோரக் கடலில் மீனுக்கு இரை பெருகியிருக்கும். காரப்பொடி, கவலை, நெத்திலி, கிழங்கான், வாளை போன்றவை கரையோரம் வரும். கிழக்குக் கரையில் கரைவலைக்கு மிகவும் உகந்த மாதங்கள் இவை. விடியற்காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்றில் அலை படிந்திருக்கும்போது முதல் வளைப்பைத் தொடங்குவது நலம்.

சித்திரை, வைகாசி: தென்காற்று வலுக்கும். முற்பகலிலேயே கடல்காற்று எழுந்து அலை உயர்ந்துவிடுவதால், சூரியன் ஏறுமுன் வளைப்பை முடித்துவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளும் இழுவலைப் படகுகளும் கடலுக்குப் போவதில்லை. 2017 முதல் இந்தத் தடைக்காலம் 61 நாள்களாக உள்ளது. அதற்கு முன் 45 நாள்களாக இருந்தது. சந்தைக்கு மீன் வரத்து குறைவதால் கரைவலை மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகவே அந்தத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இந்த மாதங்களில் 'கள்ளக்கடல்' பற்றியும் விழிப்பு தேவை. தொலைதூரத் தென்கடலில் எழும் புயல்களால் உண்டாகும் நீண்ட அலைகள், இங்கே காற்று ஏதும் இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். குமரிக் கரையில் இதன் தாக்கம் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் படகையும் வலையையும் மேட்டில் ஏற்றிவைக்க வேண்டும்.

ஆனி, ஆடி, ஆவணி: கச்சான் எனப்படும் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கிழக்குக் கரையோரம் காலை வேளையில் அலை குறைவாக இருக்கும். மேல்நீரைக் காற்று தள்ளிச் செல்வதால் அடியில் உள்ள குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும் இடங்களில் நெத்திலியும் மத்தியும் கூட்டமாகச் சேரும். எண்ணெய் மத்தி முன்பு பெரும்பாலும் மேற்குக் கரை மீனாகவே இருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து சோழமண்டலக் கரையிலும் நிறையக் கிடைத்து வருகிறது. சென்னைப் பகுதியில் இதைப் பேய்ச்சாளை என்பார்கள். காற்று பலமாக உள்ள நாளில் வலை விடும் படகை அது வெளிக்கடலுக்குத் தள்ளும். துடுப்புப் படகை மட்டும் நம்பியிருப்பவர்கள் அன்று வளைக்காமல் இருப்பதே நல்லது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இதற்கு நேர்மாறான நிலை. தென்மேற்குப் பருவமழையால் ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும். அங்கே கரமடிக்கு உகந்த காலம் மழை ஓய்ந்த பிறகே தொடங்கும்.

புரட்டாசி: காற்றும் நீரோட்டமும் திசை மாறும் மாதம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னைப் பகுதி மீனவர்கள் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். இதுவரை தெண்டியாக இருந்தது இனி வன்னியாக மாறும். ஒரு நாள் இருந்தது போல மறுநாள் இராது. சம்பா நடவுக்கும் ஆள் தேவைப்படுவதால், வலையைப் பழுது பார்க்க இந்த மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: வடகிழக்குப் பருவமழையும் புயலும் உள்ள காலம். அலை கரையை அறுக்கும். கரைவலைக்கு ஏற்ற காலம் அல்ல. வானம் வெளுத்த சில நாள்களில் ஆற்று முகத்துவாரங்களின் அருகே மடவையும் இறாலும் கிடைக்கும். மழை வெள்ளத்தில் முகத்துவாரம் திறந்ததும் உப்பங்கழியில் வளர்ந்த இறால் கடலுக்கு வருவதே இதற்குக் காரணம். மற்ற நாள்களில் வலையை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி, எலி அண்டாத இடத்தில் நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் நைலான் இற்றுப்போகும்.

ஆக, வயலுக்கு ஆள் வேண்டிய மாதங்களில் கடல் மூடிக்கொள்கிறது. வயல் ஓய்ந்த மாதங்களில் கடல் திறக்கிறது. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடும் குடும்பத்துக்கு ஆண்டில் வருமானமில்லாத மாதங்கள் குறையும்.

மீன் கூட்டத்தைக் கண்டறிதல்

அனுபவமுள்ள மண்டாடி கரையில் நின்றே தண்ணீரைப் படித்துவிடுவார். ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டுப் பாய்வது, நீரில் கருமையான திட்டு நகர்வது, காற்றில்லாத இடத்தில் நீர் சிலிர்ப்பது, சிறு மீன்கள் துள்ளுவது ஆகியவை மீன் கூட்டம் இருப்பதற்கு அடையாளங்கள்.

நீரோட்டத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு கட்டையைத் தண்ணீரில் எறிந்து அது போகும் திசையையும் வேகத்தையும் பார்த்தாலே போதும். நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வலையை இறக்கினால், இழுத்து முடிக்கும்போது வலை சுத்தமான மணலில் வந்து சேரும். நீரோட்டம் பலமாக இருந்தால் வலையின் அடி விளிம்பு தூக்கிக்கொண்டு மீன் கீழே நழுவிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் ஏற்ற இறக்கம் கூடுதலாக இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குஞ்சு மீன் பிடித்தால் யாருக்கு நஷ்டம்?

கரைவலையில் உள்ள பெரிய குறை ஒன்று உண்டு. கரையோர ஆழமில்லாத கடல்தான் பல மீன்களின் குஞ்சுகள் வளரும் நாற்றங்கால். மடியில் கொசுவலை போன்ற நெருங்கிய கண்ணி வைத்து இழுத்தால் நெத்திலியோடு மத்திக் குஞ்சு, அயிலைக் குஞ்சு, பாறைக் குஞ்சு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இவற்றை உண்ண வாங்குவோர் இல்லை. மீன் தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் அடிமாட்டு விலைக்குப் போகும்.

இதில் உள்ள நஷ்டத்தை ஒரு கணக்கால் அறியலாம். 5 கிராம் எடையுள்ள மத்திக் குஞ்சு ஒரு கிலோவுக்கு 200 நிற்கும். அவற்றை விட்டுவிட்டால் பாதி மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 100 மீன்கள் 40 கிராம் வளர்ந்தால் 4 கிலோ. இன்று அடிமாட்டு விலைக்கு விற்ற ஒரு கிலோ, சில மாதங்களில் நல்ல விலைக்கு விற்கக்கூடிய 4 கிலோவாக இருந்திருக்கும். விதைக்கு வைத்த மணிலாவை வறுத்துத் தின்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

"நான் விட்டால் அடுத்த வலைக்காரன் பிடிப்பான்" என்பது பலர் சொல்லும் பதில். அதில் உண்மையும் இருக்கிறது. ஏரி மடையைத் தனி ஒருவர் காக்க முடியாது. ஊர் கூடி முறை வைத்தால்தான் தண்ணீர் கடைமடைக்குப் போகும். கடலும் அப்படியே. ஒரு கரையில் உள்ள எல்லா வலைக்காரர்களும் கூடி ஒரே கட்டுப்பாடு வைத்துக்கொண்டால்தான் பயன் உண்டு.

கேரளத்தின் அனுபவம் இதற்குப் பாடம். அங்கே 2012ல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021ல் அது சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. கடல் நீர் சூடானது, இரை குறைந்தது ஆகியவற்றோடு, அளவின்றிப் பிடித்ததும் குஞ்சு மீன் பிடித்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிறகு மத்தி ஓரளவு மீண்டாலும், இடையில் நொடித்த குடும்பங்கள் பல. அம்மாநில அரசு 2015 முதல் மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்துள்ளது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. நம் கரையிலும் இந்த அளவுகளை வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

செய்யக்கூடியது எளிது. ஒரே வலைக்கு இரண்டு மடி வைத்துக்கொள்ள வேண்டும். நெத்திலி வரும் நாள்களில் மட்டும் நெருங்கிய கண்ணி மடி, மற்ற நாள்களில் பெரிய கண்ணி மடி என மாற்றிப் பூட்டலாம். முதல் வளைப்பில் குஞ்சாகவே வந்தால் அன்று அந்த இடத்தில் மறுபடி வளைக்கக் கூடாது. மடியைக் கரையேற்றுமுன், முழங்கால் நீரில் வைத்தே குஞ்சுகளை வெளியேற்றினால் பெரும்பகுதி பிழைக்கும். மணலில் கொட்டிய பின் விட்டால் பயனில்லை. கண்ணி அளவு பற்றிய அரசு விதிகளை அருகில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. அந்தப் பகுதி சிறு மீனவர்களுக்கு உரியது. அந்த உரிமையை வற்புறுத்திக் கேட்பவர்கள், அதற்குள் வளரும் குஞ்சுகளைக் காப்பதிலும் முன்னிற்க வேண்டும்.

பங்கும் கணக்கும்

பங்கு முறை ஊருக்கு ஊர் மாறுபடும். செலவு போக மீதியில் பாதி வலைக்கும் படகுக்கும், பாதி இழுத்தவர்களுக்கும் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். உதாரணமாக, ஒரு நாள் ஏலத்தொகை ரூ. 20,000, செலவு ரூ. 2,000 என்றால் மீதி ரூ. 18,000. வலைப் பங்கு ரூ. 9,000. இழுத்த 30 பேருக்கும் ஆளுக்கு ரூ. 300 வரும். மீன் படாத நாளில் ஒன்றும் வராது. எனவே ஒரு நாள் வரவைப் பார்க்காமல் மாத வரவைப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, மீன் முழுவதையும் அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பது பல குடும்பங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. கடன் தீர்ந்தாலும் கட்டு தீர்வதில்லை. தினமும் எடை, விலை, செலவு, பங்கு நான்கையும் ஒரு நோட்டில் எழுதி எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். நல்ல பருவத்தில் வரும் பணத்தில் ஒரு பகுதியைக் குழுவின் பெயரில் சேர்த்து வந்தால், ஐப்பசி மாதத்தில் கைநீட்ட வேண்டிய அவசியம் குறையும்.

மீனைப் பக்குவம் செய்தல்

விலை கிடைக்க வேண்டுமானால் மீன் கெடாமல் இருக்க வேண்டும். மீனை மணலில் கொட்டாமல் தார்ப்பாயில் கொட்டிச் சுத்தமான கடல் நீரில் அலசி, மீன் எடைக்குச் சம எடை நொறுக்கிய ஐஸ் சேர்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும்.

வரத்து மிகுந்து விலை இறங்கும் நாளில் கருவாடு போடலாம். நெத்திலியைக் கடற்கரை மணலில் பரப்பிக் காயவைத்தால் மண் ஒட்டி விலை குறையும். மூங்கில் தட்டி அல்லது பழைய வலையைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் கட்டி அதில் பரப்பினால், காற்று அடியிலும் போய் விரைவில் உலரும். நாய், கோழி தொல்லையும் இராது. சுமார் 4 கிலோ பச்சை நெத்திலியிலிருந்து ஒரு கிலோ கருவாடு கிடைக்கும். உப்புக் கருவாட்டுக்குச் சிறு மீன் 4 பங்குக்கு உப்பு ஒரு பங்கு போதும்.

கழிவு மீன் வயலுக்கு உரம்

விற்காத மீன், தலை, குடல் ஆகியவற்றைக் கரையில் வீசி நாற்றம் பரப்புவதை விட மீன் அமிலம் தயாரிக்கலாம். ஒரு கிலோ மீன் கழிவுடன் ஒரு கிலோ நாட்டு வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, காற்றுப் புகாத வாளியில் நிழலில் வைக்க வேண்டும். மூன்று, நான்கு வாரங்களில் தேன் நிறத்தில் திரவம் வடியும். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். உப்புப் போட்ட மீனின் கழிவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கடலோர மணலில் ஏற்கெனவே உப்பு உண்டு. மேலும் சேர்ந்தால் பயிர் கருகும்.

ஆமை வந்தால்

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். வலையில் சிக்கினால் வலையை அறுத்தாவது உயிருடன் கடலில் விட வேண்டும். நீருக்குள் நெடுநேரம் சிக்கினால் அவை மூச்சு முட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆமையைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம்.

பாதுகாப்பு

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் வலை விடக் கூடாது. படகில் செல்வோர் மிதவைச் சட்டை அணிய வேண்டும். இழுக்கும் கயிற்றின் வளையத்துக்குள் சிறுவர்களை நிற்க விடக் கூடாது. கெளுத்தி, திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொறி பட்ட இடத்தை மணலால் தேய்க்காமல் கடல் நீரால் கழுவ வேண்டும்.

கரை இருந்தால்தான் கரைவலை

கரைவலைக்கு அகலமான மணற்கரை வேண்டும். கல் கொட்டிய கரையில் வலை இழுக்க முடியாது. கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே சுவர் எழுந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அறுக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் புகுந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்த பின் நகரத்துக் கரை மணலை இழந்தது. ஒரு ஊரைக் காக்கப் போடும் கல் அடுத்த ஊரின் கரையை எடுத்துவிடக்கூடும் என்பதால், இத்தகைய திட்டங்கள் வரும்போது அக்கம்பக்கத்து ஊர்கள் கூடிப் பேசிக் கருத்துச் சொல்ல வேண்டும்.

மணல் மேடுகளில் உள்ள அடம்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் அழிக்கக் கூடாது. அவையே மணலைப் பிடித்து வைக்கின்றன. மேட்டு மணலை அள்ளி விற்றால் வலை இழுக்க இடம் போவதோடு, பின்னால் உள்ள மணிலாக் கொல்லைக்கும் உப்பு நீர் வந்துவிடும்.

நிலத்துக்கு எருவிட்டு, விதை சேர்த்து, வரப்புக் கட்டிக் காப்பது விவசாயிக்குப் பழக்கமான வேலை. கடலுக்கு எருவிட வேண்டியதில்லை. விதையையும் வரப்பையும் மட்டும் காத்தால் போதும். குஞ்சு மீன்தான் அந்த விதை, மணற்கரைதான் அந்த வரப்பு. கரையோர ஊர்களில் உள்ள வலைக்காரர்களும் பங்குதாரர்களும் வரும் தை மாதம் முதல் வளைப்புக்கு முன் ஒரு நாள் கூடி, இந்த இரண்டையும் பற்றி ஒரு முடிவுக்கு வந்தால் நிலையான பலன் பெறலாம்.